கொட்டகைச் சுவருக்கு அடியில்

மழை விட்டு வெயில் வந்த பிறகும் மாட்டுக் கொட்டகைக்குள் தண்ணீர் வடியவில்லை. வேளாண்மைக் கல்லூரியின் பண்ணை மாடுகளுக்கு டாக்டராக இருந்தவள் காலையில் ரப்பர் பூட்ஸோடு உள்ளே இறங்கினால், சாணியும் மூத்திரமும் கழுவிவிட்ட தண்ணீரும் கலந்த கரைசல் கணுக்காலுக்கு மேல் ஏறியது. கறவை மாடுகள் அதில்தான் நின்றன. வேறு வழியில்லாமல் அதிலேயே படுத்தன.

"டாக்டரம்மா, சண்டைக்காரி காலைத் தரையிலயே வைக்க மாட்டேங்குறா" என்றாள் பால் கறக்கும் கொட்டகை அம்மா.

சண்டைக்காரி என்பது வாளியை உதைப்பதற்காகவே பெயர் வாங்கிய செவலைப் பசு. இப்போது உதைக்கத் தெம்பில்லாமல் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. டாக்டரம்மா குளம்பைத் தூக்கிப் பிளவை விரித்துப் பார்த்தாள். நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. அழுகல் ஆரம்பித்துவிட்டது. இரண்டு மாடு தள்ளி இன்னொன்றும் நொண்டியது. மருந்து போட்டுக் கட்டலாம்தான். கட்டிய காலை மறுபடியும் அதே கரைசலில்தானே வைக்க வேண்டும்?

வடிகால் அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம். கொட்டகைக்குள் ஓடும் வாய்க்கால் பின்சுவருக்கு அடியில் குழாய் வழியாகப் புகுந்து வெளியே போய் எருக்குழியில் விழ வேண்டும். எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றது.

அவள் நேராகப் பராமரிப்புப் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்த இன்ஜினியருக்குக் கல்லூரி முழுவதும் 'பார்க்கலாம் சார்' என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் வரும். அன்றைக்கு அதுகூட வரவில்லை.

"சுவருக்கு உள்ளே இருக்கிறது பண்ணைப் பிரிவோட வாய்க்கால் டாக்டர். அதுல எங்க ஆள் கை வைக்கக் கூடாது."

அங்கிருந்து பண்ணை மேலாளரிடம் போனால், அவர் அதற்கும் ஒரு படி மேலே போனார். "கட்டடம்னா பராமரிப்பு. வாய்க்கால் கட்டடத்தோட ஒரு பகுதி. நான் மாட்டுக்குத்தான் பொறுப்பு, சிமெண்டுக்கு இல்ல."

"அந்த மாடுதான் சார் நொண்டுது!"

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?" என்றார் அவர், ரொம்ப சாதாரணமாக.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளுக்கொரு பிரிவு, பிரிவுக்கொரு தலைவர், தலைவருக்கொரு குளிர்சாதன அறை. ஆனால் ஒரு சாக்கடையில் கம்பு விட்டுக் குத்த ஆள் இல்லை. கொட்டகை அம்மாவும் அவளும் நீளமான மூங்கிலை எடுத்து உள்பக்கமிருந்து குத்திப் பார்த்தார்கள். கம்பு சுவர் வரைக்கும் போய் எதன்மேலோ முட்டி நின்றது.

இதில் அவளுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. கல்லூரிப் பதிவாளர் அவளுடைய அக்கா புருஷன். எல்லாப் பிரிவுகளும் அவருக்குக் கீழே. நிர்வாகக் குழுவின் கூட்டத்தைக் கூட்டுகிறவரும் அவரே. சொந்தக்காரர் என்று சலுகை கேட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனை வருஷமாக அவர் அறைப்பக்கம் போகாமல் ஒதுங்கி இருந்தாள். இப்போது போனாள்.

"சார், வடிகால் விஷயமா..."

"முறைப்படி பிரிவுத் தலைவர் மூலமா வரணும் டாக்டர். சொந்தம்னு நேரா வந்தா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மறுபடியும் எடுத்தாள்.

"அத்தான், அந்தக் கொட்டகை..."

"வீட்டுல ஆபீஸ் பேசாதம்மா. இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோ."

"ஆபீஸ்ல சொந்தம் பேசக்கூடாது, வீட்டுல ஆபீஸ் பேசக்கூடாது. அப்ப நான் எங்கதான் போய்ப் பேசுறது? நடுத்தெருவுலயா?"

அக்கா சிரித்துவிட்டாள். அத்தான் சிரிக்கவில்லை. "கூட்டத்துல வைக்கச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனார்.

சொன்னபடி வைத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கொட்டகை வடிகால் கடைசி விஷயம். அதற்கு முன்னால் கருத்தரங்கக் கூடத்துத் திரைச்சீலை பச்சையா நீலமா என்று பெரிய வாக்குவாதம். விவசாயக் கல்லூரி என்றால் பச்சைதான் என்று ஒருவர். விருந்தினர் கண்ணுக்கு நீலம்தான் இதம் என்று இன்னொருவர். டாக்டரம்மா பின் நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்தபோது பாதிப்பேர் கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள்.

அவள் சொல்லி முடித்ததும் குழுத் தலைவர் தலையை ஆட்டினார். "முக்கியமான பிரச்சினை. ஒரு துணைக்குழு போட்டுடுவோம். டாக்டரே கூட்டித் தலைமை தாங்கட்டும். அறிக்கையை அடுத்த கூட்டத்துல வைங்க."

"அடுத்த கூட்டம் எப்ப சார்?"

"அடுத்த பருவத்துல."

எல்லாரும் எழுந்தார்கள். கத்தினாலும் கேட்க ஆளில்லை, நாற்காலிகள்தான் இருந்தன.

மறுநாள் காலையில் நொண்டும் மாடுகள் இன்னும் கூடியிருந்தன. சண்டைக்காரிக்கு வீக்கம் குளம்பைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. கொட்டகையைச் சுற்றி மேய்ச்சல் நிலமெல்லாம் சேறு. கல்லூரி வளாகத்தில் மேடாக, காய்ந்து, மெத்தென்று இருந்த தரை ஒன்றே ஒன்றுதான்: நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் இருந்த புல்வெளி.

"அவுத்துவிடுங்கம்மா" என்றாள் டாக்டரம்மா.

"எங்கம்மா ஓட்டிட்டுப் போறது?"

"காய்ஞ்ச இடத்துக்கு."

கொட்டகை அம்மா புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு கயிற்றை அவிழ்த்தாள். நொண்டிகளை மட்டும் மெதுவாக நடத்திக் கொண்டுபோய்ப் புல்வெளியில் விட்டார்கள். சண்டைக்காரி போன வேகத்தில் அப்பாடா என்று படுத்துவிட்டது. டாக்டரம்மா மண்டியிட்டு, குளம்பைச் சீவி, கழுவி, மருந்து வைத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

சற்று நேரத்தில் ஜன்னல்கள் திறந்தன. மாணவர்கள் சுற்றி நின்று போனில் படம் எடுத்தார்கள். ஊழியர் சங்கத்துக்காரர் ஓடிவந்து, "நல்ல போராட்டம் டாக்டர், நாங்க உங்க பின்னால இருக்கோம்" என்றார்.

"பின்னால வேண்டாம், முன்னால வந்து இந்தக் காலைப் பிடிங்க" என்றாள் அவள். அவர் மெல்ல நழுவினார்.

அத்தானே படியிறங்கி வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "என்ன டாக்டர் இது? உங்க கோரிக்கை என்ன?"

"கோரிக்கை எதுவும் இல்ல சார். இங்கதான் தரை காய்ஞ்சிருக்கு."

"இது புல்வெளி!"

"மாடு புல்லு மேலதான் சார் நிக்கும்."

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே அன்றைக்கு அந்தக் கால்களைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஆனால் யார் நம்புவார்கள்? படங்கள் போன் போனாகப் பரவி, குழுத் தலைவரே பதிவாளரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். மதியத்துக்குள் பராமரிப்புப் பிரிவு ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கொட்டகைக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

வெளிப்பக்கம் தோண்டினார்கள். வாய்க்கால் சுத்தமாக இருந்தது. உள்பக்கம் பலகைக் கல்லைப் பெயர்த்தார்கள். அங்கேயும் அடைப்பில்லை. அடைப்பு சரியாகச் சுவருக்கு அடியில் இருந்தது. தொடை பருமனுக்கு ஒரு வேர், குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து தாடி தாடியாக வளர்ந்து கிடந்தது.

"பாத்தீங்களா, எங்க பக்கம் சுத்தம்" என்றார் இன்ஜினியர்.

"எங்க பக்கமும்தான்" என்றார் பண்ணை மேலாளர். இருவரும் சம்பந்திகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா அங்கே வந்த நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போய்ப் பார்த்தது அன்றுதான்.

வேர், சுவருக்கு அந்தப்புறம் நின்ற பூமரத்துடையது. மரம் தோட்டப் பிரிவுக்குச் சொந்தம். தோட்டப் பிரிவு மேற்பார்வையாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வேரும் மரம்தான். வெட்டணும்னா மரக் குழு அனுமதி வேணும்" என்றார்.

வேரை வெட்டக் கோடாரியோடு நின்ற கூலியாள் அதைக் கீழே வைத்துவிட்டார்.

டாக்டரம்மா அந்தக் கோடாரியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். முதல் வெட்டு வழுக்கியது. அடுத்தது பதிந்தது. "டாக்டர், டாக்டர்" என்று மேலே யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கையில் கொப்புளம் வர வர வெட்டினாள். ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே கண்ணில் தண்ணீர் வழிந்தது. கடைசியில் கொட்டகை அம்மா மேலே நின்று வேரைக் கயிறு கட்டி இழுக்க, தேங்கியிருந்த கரைசலெல்லாம் ஒரே மூச்சாகப் பாய்ந்து வந்து அவள் இடுப்பு வரைக்கும் நனைத்துவிட்டுப் போனது.

கொட்டகைத் தண்ணீர் அன்று மாலையே வடிந்தது. மற்ற மாடுகள் தேறத் தொடங்கின. சண்டைக்காரி தேறவில்லை. சீழ் மூட்டுக்குள் போய்விட்டது. வலி தாங்காமல் அது இரையெடுப்பதை நிறுத்தியபோது, டாக்டரம்மா தன் கையாலேயே அதற்குக் கடைசி ஊசியைப் போட்டாள்.

அந்த வாரமே அவளுக்கு மெமோ வந்தது. புல்வெளியில் மாடு விட்டதற்கும் வேரை வெட்டியதற்கும் சேர்த்து. கீழே அத்தானின் கையெழுத்து. அக்கா போனில், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் தலைதான் உருளுது" என்று அழாத குறையாகப் பேசினாள்.

அத்தான் ஒரு சாயங்காலம் தனியாகக் கொட்டகைக்கு வந்தார். சண்டைக்காரி இல்லாமல் காலியாக இருந்த கட்டுத்தறி முன் நின்றார்.

"நான் போடலேன்னா சொந்தக்காரிய காப்பாத்தினேன்னு சொல்லுவாங்கம்மா."

"மெமோ போட்டதுக்குக் கோவம் இல்ல அத்தான். முதல் நாளே ஒரு ஆளை அனுப்பியிருந்தா அவ இங்க நின்னுட்டிருப்பா."

அவர் கிளம்பினார். அவளும் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை.

துணைக்குழு மட்டும் பாக்கி இருந்தது. கூட்டித் தலைமை தாங்குவது அவள்தானே? இடம்: மாட்டுக் கொட்டகை. நாற்காலி கிடையாது. இன்ஜினியர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார், பண்ணை மேலாளர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் அடியிலும் வடிகால் முழுவதும் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு என்று தேநீர் ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. இனி அதை நிர்வாகக் குழு ஏற்க வேண்டும், அடுத்த பருவத்தில்.

அறிக்கையைக் கொடுக்க நிர்வாகக் கட்டடத்துக்கு நடந்தவள் புல்வெளி ஓரத்தில் நின்றாள். பராமரிப்பு ஆட்கள் சுற்றிலும் குழி தோண்டி இரும்புக் கம்பங்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பிவலைச் சுருள்கள் வந்து இறங்கியிருந்தன.

"இதுக்கு எந்தக் கூட்டத்துல அனுமதி வாங்கினாங்க?"

"கூட்டமெல்லாம் இல்ல டாக்டரம்மா. மாடு மறுபடி ஏறாம வேலி போடணும், அவசரம்னு போன்லயே சொல்லிட்டாங்க" என்றார் கம்பம் நட்டவர்.

அவள் அறிக்கையை முன்மேஜையில் வைத்துவிட்டு, மத்தியானக் கறவைக்கு முன்னால் கட்டு மாற்ற வேண்டிய மாடுகளைப் பார்க்கத் திரும்பி நடந்தாள்.