மொட்டை போடாத மகன்

வாசுவுக்கு வாய் கொஞ்சம் அதிகம். கெட்ட வார்த்தை பேசுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம், பாவம், அந்தப் பழக்கமெல்லாம் ஞானஸ்நானத்தோடு போய்விட்டது. மைக்கைக் கையில் கொடுத்தால் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. பகலில் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில் பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் இயங்கிய சபையில் 'பிரதர் யோசுவா'. கிள்ளானில் இருந்த அப்பாவுக்கும் தங்கைக்கும் மட்டும் அவன் இன்னும் வாசுதான்.

அந்த வருஷங்களில் நாட்டில் எங்கே பார்த்தாலும் தேசியக் கலாச்சாரம் என்றே பேச்சு. எது இந்த நாட்டுக்குச் சொந்தம், எது வந்தேறிய சரக்கு, யார் எதை ஆடலாம், யார் எதைக் கொண்டாடலாம் என்று பேப்பர்க்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். சபை மட்டும் சும்மா இருக்குமா? 'குடும்பம், விசுவாசம், தேசியக் கலாச்சாரம்' என்று மூன்று சனிக்கிழமை வகுப்பு வைத்தார்கள். முதல் வாரம் பொட்டும் பூவும். இரண்டாம் வாரம் பொங்கலும் கோலமும். மூன்றாம் வாரம் சாவு.

அன்றைக்கு ஒரு வயதான சிஸ்டர் எழுந்து, "நம்ம அப்பா அம்மா இந்துவாவே செத்துட்டா நாம என்ன செய்யறது, பாஸ்டர்?" என்று கேட்டார். பாஸ்டர் ஜெயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் எப்போதும் யோசித்துப் பேசுகிறவர். அவர் வாயைத் திறப்பதற்குள் நம்ம ஆள் எழுந்து மைக்கை வாங்கிவிட்டான்.

"எங்கப்பாவுக்கு நான் ஒரே மகன். கிள்ளான்ல நெஞ்சு சீக்கோட படுத்திருக்காரு. நாளைக்கே அவர் செத்தாலும் இந்தக் கையால கொள்ளி வைக்க மாட்டேன். மொட்டை போட மாட்டேன். வாய்க்கரிசி போட மாட்டேன். கர்த்தர் முன்னால, உங்க எல்லார் முன்னாலயும் வாக்குக் கொடுக்கிறேன்!"

மாடியே அதிர்ந்தது. அல்லேலூயா, கைதட்டல், ஒருவர் விசும்பல். வாசுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருஷமாக அவன் சொன்ன எந்த சாட்சிக்கும் இப்படிக் கைதட்டல் விழுந்ததில்லை. யாரோ அதை கேசட்டில் பதிவு செய்து பிரதி எடுத்து நாலு சபைகளுக்குக் கொடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டபோதும் அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அவன் மனைவி எஸ்தர் நாலடி முன்னாலேயே போனாள். அவள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். பரம்பரையாக வந்தவர்களுக்கு இந்தத் துடிப்பெல்லாம் இருப்பதில்லை. படியேறும்போதுதான் சொன்னாள்.

"உயிரோட இருக்கிற மனுஷன் சாவைப் பத்தி மைக்ல பேசிட்டு வரீங்க. கூச்சமா இல்ல?"

"விசுவாசத்துக்குக் கூச்சம் எதுக்கு லா?"

"விசுவாசமா, கைதட்டலா?" என்று கேட்டுவிட்டு அவள் சோறு போடப் போய்விட்டாள்.

அந்த கேசட் எப்படியோ கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தது. மேரு பக்கம் ஒரு ஃபேக்டரியில் வாசுவின் தங்கை ரமணி வேலை செய்தாள். கூட வேலை செய்த ஒரு கிறிஸ்தவப் பெண், "உங்க அண்ணன் ரொம்ப நல்லா பேசறாரு ரமணி, கேட்டுப் பாரு" என்று நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தாள். ரமணியும் அண்ணன் குரல் என்று ஆசையாக, அப்பா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துப் போட்டாள். நிறுத்துவதற்குள் தம்புசாமி கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்.

தம்புசாமி போர்ட் கிள்ளானில் முப்பது வருஷம் மூட்டை இறக்கியவர். சத்தம் போடுகிற ஜாதி இல்லை. இரண்டு நாள் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் மகனை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வாசு போய் நின்றான்.

"நெசமாவா டா?"

வாசு தலை குனிந்தான். பொய் சொல்ல முடியாது. "ஆமாப்பா. என் விசுவாசம் அப்படி."

கிழவர் மூச்சு இழுத்து இழுத்துப் பேசினார். "சரி. எரிச்சாலும் பொதைச்சாலும் எனக்கு ஒண்ணுதான். செத்தப்பறம் எனக்கு எதுவும் தெரியப் போறதில்ல. ஆனா அது உன் கையா இருக்கணும். உங்க ஆளுங்கன்னா மண்ணு போடுவீங்க இல்ல? அப்ப என்னையும் உங்க ஆளாக்கிடு. உங்க பாஸ்டரை வரச்சொல்லு, தண்ணி ஊத்தச் சொல்லு. நான் அந்தப் பக்கம் வந்துடறேன்."

கேட்ட வாசுவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்பா வருகிறார்! எத்தனை உபவாசம், எத்தனை ஜெபம்! அப்பா எதற்காக வருகிறார் என்பது மட்டும் அந்த மரமண்டைக்கு ஏறவில்லை. ரமணி அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். மாரியம்மன் படத்துக்கு முன்னால் இத்தனை வருஷம் விளக்கேற்றிய மனுஷன், மகன் கைக்காக இப்படி இறங்கிப் போகிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

பாஸ்டர் ஜெயராஜ் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கிள்ளானுக்கு வந்தார். நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரமணியின் புருஷன் விஜயன் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தான்.

"ஐயா, இயேசு ஒருவரே கடவுள், வேற கடவுள் இல்லன்னு நம்பறீங்களா?"

தம்புசாமி யோசித்தார். "உங்க சாமி நல்ல சாமிங்க. என் மகன் குடியை விட்டான், அவர் புண்ணியம். அதை நான் மறக்க மாட்டேன். ஆனா வேற இல்லன்னு எப்படிங்க சொல்றது? என் பொண்டாட்டி சாகறப்ப கடைசியா கூப்பிட்டது மாரியம்மாவைத்தான். அவ கூப்பிட்டது இல்லாத ஒண்ணையா? அதை என்னால சொல்ல முடியாதுங்க."

"அப்ப எதுக்கு ஐயா ஞானஸ்நானம் கேக்கறீங்க?"

"என் மகன் கையால போகணும். வேற ஒண்ணும் இல்லிங்க."

வாசு அப்பாவின் காதருகே குனிந்து, "அப்பா, ஆமான்னு மட்டும் சொல்லுங்கப்பா. ஒரே வார்த்தை. சொல்லிடுங்க" என்று கெஞ்சினான்.

தம்புசாமி மகனைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"உன் சாமிகிட்டயே என்னைப் பொய் சொல்லச் சொல்றியே டா வாசு. நீ சொல்லாத பொய்ய நான் சொல்லணுமா?"

பாஸ்டர் அவர் நெற்றியில் கை வைத்து ஜெபித்துவிட்டு எழுந்தார். நம்பாதவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்பது வாசுவுக்கே தெரியும், அவனே வகுப்பில் சொல்லியிருக்கிறான். திரும்பி வருகிற வழியெல்லாம் காரில் பாஸ்டர் வாயே திறக்கவில்லை. வாசுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். 'பாஸ்டர், நான் வாக்குக் கொடுத்துட்டேன், இப்ப என்ன செய்யலாம்' என்று ஒரே ஒரு கேள்வி. ஆனால் அத்தனை கைதட்டலை வாங்கியவன் எந்த முகத்தோடு கேட்பான்? சுபாங் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

பத்தொன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் தம்புசாமி செத்துப்போனார்.

வாசு எஸ்தரையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனபோது பந்தல் போட்டிருந்தார்கள். சடங்கு செய்ய வந்த பண்டாரம் தேங்காயும் குடமும் எடுத்து வைத்துவிட்டு, "மகன் யாருங்க? குளிச்சிட்டு வரச்சொல்லுங்க" என்றார். எல்லார் கண்ணும் வாசுவின் மேல் விழுந்தது. வாசு நகரவில்லை.

ரமணி எழுந்து வந்தாள். தலைவிரி கோலமாக, கண் வீங்கி, கூட்டத்துக்கு நடுவில் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, உன் சாமியை நான் எதுவும் சொல்லல. ஒரு மணி நேரம்ணே. ஒரு மணி நேரம் அப்பாவுக்கு மகனா இரு. அப்புறம் நீ எங்க வேணா போ. அப்பா அங்க காத்துக்கிட்டு இருக்கு பாருண்ணே!"

அவன் நெஞ்சு உடைந்துதான் போயிற்று. இல்லை என்று யார் சொல்வார்கள்? ஒரு கணம் சட்டைப் பொத்தானில் கைகூடப் போயிற்று. ஆனால் பந்தலின் மூலையில் சபையிலிருந்து வந்த ஏழெட்டுப் பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்கள் அவனைப் பிடித்து நிறுத்திவிட்டன.

"முடியாது ரமணி. வாக்குக் கொடுத்துட்டேன்."

எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் காதோரம், "போய்ச் செய்ங்க லா. என் தாத்தா செத்தப்ப எங்க இந்து சொந்தக்காரங்க எல்லாம் சிலுவைக்கு முன்னால மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவங்க யாரும் கெட்டுப் போகல" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

கடைசியில் விஜயன் எழுந்தான். மருமகன் கொள்ளி வைப்பது வழக்கமில்லை என்று பண்டாரம் முனகினார். "பங்காளிங்க எல்லாம் ஊர்ல, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. நான் வைக்கறேன், பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்றான் விஜயன். கிணற்றடி இல்லாத வீடு, வாசல் குழாயடியில் அவனை உட்கார வைத்து மீசையையும் தலைமுடியையும் மழித்தார்கள். ரமணியின் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். வாசுவின் மகள், "நானும் தாத்தாவுக்கு நெருப்பு பிடிக்கணும்" என்று கேட்டு அழ, எஸ்தர் அவளை வெளியே தூக்கிக்கொண்டு போனாள்.

சுடுகாட்டில் விஜயன் குடத்தைச் சுமந்து மூன்று சுற்று சுற்றினான். துறைமுகத்தில் தம்புசாமியோடு வேலை பார்த்த கிழவர்கள் லோரியில் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கு வீட்டு விஷயம் எதுவும் தெரியாது. மொட்டைத் தலையைப் பார்த்து நேராக விஜயனிடம் போய், அவன் இரண்டு கையையும் பிடித்து, "உங்கப்பா தங்கமான மனுஷன்பா" என்று அழுதார்கள். படிய வாரிய தலையோடு நின்ற வாசுவைப் பார்த்து ஒருவர், "நீங்க யாருங்க, பிரெண்டா?" என்று கேட்டார்.

வாசு ஏதோ ஒரு பதில் சொன்னான். என்ன சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை.

அந்த ஞாயிறு சபையில் அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஜெயம் கொடுத்த கர்த்தரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அவன் எழுந்திருக்கவே இல்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். ஆராதனை முடிந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவன் நாற்காலியிலேயே கிடந்தான். பாஸ்டர் ஜெயராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிரதர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கப்பா ஈப்போவில இருந்தாரு, இந்துதான். எழுபத்தாறுல செத்தாரு. நான் ஊழியத்துக்கு வந்து மூணு வருஷம். நான்தான் கொள்ளி வச்சேன். மொட்டையும் போட்டேன். மண்டையில கட்டி, ஆபரேஷன்னு சபையில சொல்லிட்டேன்."

வாசுவுக்குக் காதில் விழுந்தது புரிய நேரம் பிடித்தது.

"அப்பனுக்குச் செய்யறதைக் கர்த்தர் கணக்குப் பார்க்க மாட்டாருன்னு அன்னைக்கு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்."

"ஏன் பாஸ்டர் சொல்லல?" வாசு அவர் பக்கம் திரும்பினான். "அன்னைக்கு வகுப்புல சொல்லியிருக்கலாமே! எங்கப்பா கட்டில்கிட்ட உட்கார்ந்தீங்களே, அங்கயாவது சொல்லியிருக்கலாமே!"

"தெரிஞ்சா சபையில என்னை வச்சிருப்பாங்களா? வீடு சபை கொடுத்தது. பிள்ளைங்க படிப்பு அவங்க கொடுக்கறது." பாஸ்டர் அழுதார். "நீங்க வாக்குக் கொடுத்தப்ப எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன், பிரதர்."

வாசுவுக்கு அந்த மனுஷனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்க எழுந்தவன் அப்படியே நின்றான். யார் அவன் கையில் மைக்கைத் திணித்தார்கள்? கொள்ளி வைக்கவிடாமல் யார் தடுத்தார்கள் அவனை? வாக்கும் அவனுடையது, வாயும் அவனுடையது.

மாடியிலிருந்து இறங்கி, தெருமுனையில் இருந்த பொதுத் தொலைபேசியில் காசு போட்டான். ரமணி வீட்டில் போன் இல்லை, பக்கத்து வீட்டுக்குத்தான் அடிக்க வேண்டும். விஜயனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள்.

"மாப்பிள்ள, நான்தான். பதினாறாம் நாள் கருமாதிய நான் செய்யறேன். மொட்டை போட்டுக்கறேன். எல்லாம் நானே செய்யறேன். பண்டாரத்துகிட்ட சொல்லுங்க."

விஜயனுக்கு மச்சான்மேல் கோபம் ஒன்றும் இல்லை, அவன் குணமே அப்படி. மெதுவாகத்தான் சொன்னான்.

"அது முடியாதே மச்சான். கொள்ளி வச்சவன்தான் கருமாதி செய்யணுமாம். பண்டாரம் நேத்தே சொல்லிட்டாரு, நடுவுல ஆள் மாத்தக் கூடாதாம். நீங்க கவலைப்படாதீங்க, நான் ஒண்ணும் குறை வைக்க மாட்டேன். வாங்க, அக்காவையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டுக் கட்டாயம் வாங்க."

வாசு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"மச்சான், லைன்ல இருக்கீங்களா?" என்று விஜயன் கேட்டான். "எத்தனை பேர் வருவீங்க? சாப்பாட்டுக்குச் சொல்லணும்."

"மூணு பேர்" என்றான் வாசு.