பச்சை ஸ்டிக்கர்

பள்ளிக்கூடத்தில் டார்னியின் மேசையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியபோது அவளுக்கு எட்டு வயது. பிரிஸ்பேனிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் ஏதேதோ கேள்வி கேட்டுப் பிள்ளைகளைப் பிரித்துவிட்டுப் போனார். கண்ணால் கற்பவர்களுக்குச் சிவப்பு, காதால் கற்பவர்களுக்கு நீலம், கையால் கற்பவர்களுக்குப் பச்சை. எங்கள் முர்ரி பழங்குடிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பச்சை. என்ன அதிசயமோ!

டார்னி என் அண்ணன் மகள். என்னிடம்தான் வளர்ந்தாள். வாசிப்பு நேரம் வந்தால் பச்சைகளைப் பூசணித் தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று தெரிந்ததும், தலைமையாசிரியர் விட்கோம்ப் முன்னால் போய் நின்றேன்.

"எழுத்து சொல்லிக் குடுங்க சார். பூசணிக்கா எங்க வீட்டுலயே காய்க்குது."

"கோவப்படாதீங்க மேவிஸ். உங்க ஜனங்க கையால கத்துக்கறவங்க. அதை நாங்க மதிக்கிறோம்."

"உங்க பையன் ஹாமிஷுக்கும் பச்சைதானே? அவன் கையிலேர்ந்து யாராச்சும் புத்தகத்தப் புடுங்குனீங்களா?"

சிரித்து மழுப்பினார்.

வீட்டில் நானே புத்தகத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். டார்னி அதை மூடிவிடுவாள்.

"விடு அத்தே. நான் பச்சை. எனக்கு எழுத்து ஏறாது."

பதினாறு வயதில் மாட்டுப் பண்ணை ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். எந்த வண்டியும் அவள் கைக்கு அடங்கும். ஆனால் லைசென்ஸ் வேண்டும், அதற்கு முதலில் எழுத்துத் தேர்வு; எங்கள் ஊரில் அதை நடத்துவதும் போலீஸ் நிலையம்தான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி ஓட்டியே என் அண்ணன் சிறையில் கிடக்கிறான். இவளாவது தப்பிக்கட்டும் என்று நானே கூட்டிப் போனேன்.

கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிட்டாள்.

"கேள்வி கஷ்டமாடி?"

"என்ன கேட்டிருக்கான்னே தெரியல அத்தே. படம் போட்டிருந்தத மட்டும் எழுதினேன்."

அவள் பின்னாலேயே ஹாமிஷ் வந்தான். "ஈஸியா இருந்துச்சுல்ல, டார்னி?" என்றான். நல்ல பையன்தான், பாவம், மனசார‌த்தான் கேட்டான். அவள் தலையாட்டினாள்.

வண்டியில் அழுதது நான்தான். "இனிமே தினமும் உக்காருடி. நான் சொல்லித் தரேன்," என்றேன்.

"பண்ணையில திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள ஏறிடுமா, அத்தே?"

வீட்டுக்கு வந்து வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை காலை எழுந்து பார்த்தால் ஆணியில் சாவி இல்லை.