எனக்கு ஏதும் வந்திருக்கா, அண்ணே?

ராஜகுரு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலத்திலேயே, கண்ணாடிக் கதவுக்குள் யார் அழுகிறார்கள், யார் யாரிடம் கெஞ்சுகிறார்கள் என்பதைக் காதால் எடை போட்டு எங்கள் தெருவுக்குச் சப்ளை செய்தவன். திருப்பரங்குன்றத்தில் வீட்டுக்கு வீடு போன் வந்து பூத் படுத்ததும், அதே இடத்தில் நான்கு கம்ப்யூட்டரைப் போட்டு, நடுநடுவே பிளைவுட் தடுப்பு அடித்து, பிரவுசிங் சென்டர் ஆக்கிவிட்டான். மஞ்சள் போர்டை மாற்றவில்லை. அதன் மேலேயே நீலப் பெயிண்டில் 'இன்டர்நெட்' என்று எழுதி, கீழே கடை போன் நம்பரை அப்படியே விட்டுவைத்தான். அந்த நம்பர் விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் திடீரென்று இமெயில் ஐடி தேவைப்பட்டது. ரிசல்ட்டா, இமெயில். இன்டர்வியூவா, இமெயில். தெருவில் அத்தனை பேருக்கும் ராஜகுருதான் ஐடி உருவாக்கிக் கொடுத்தான். கொடுத்தான் என்று சொல்வதுகூடத் தப்பு. ஐடியைக் கொடுத்தான், பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொண்டான். கேட்டால், "நீங்க மறந்துருவீங்கம்மா, நானே வச்சிருக்கேன்" என்பான். தெருவுக்கே ஒரு பூட்டு, ஒரு சாவி. சாவி இவன் இடுப்பில்.

சாயங்காலமானால் பிள்ளைகள் கவுண்டரில் வரிசையாக நின்று, "எனக்கு ஏதும் வந்திருக்கா, அண்ணே?" என்று கேட்கும். இவன் திறப்பான், மனசுக்குள் படிப்பான், பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்வான். என் வீட்டுக்காரர் பிச்சுமணி தபால் ஆபீஸில் சார்ட்டிங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். இதைக் கேட்டுவிட்டு அவருக்குக் காப்பி இறங்கவில்லை.

"எவனோ ஒருத்தன் கடுதாசைப் பிரிச்சான்னு வச்சுக்கோ, எங்க டிபார்ட்மென்ட்ல சஸ்பெண்ட் பண்ணி கேஸ் போட்டுடுவா. இவனை அண்ணே, அண்ணேங்கறதுகள்!"

நானும் அடுத்த வீட்டு விஷயம் தெரிந்துகொள்கிறவள்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் ஒரு நியாயம் உண்டு. காதில் விழுவதைக் கேட்பேன். கவரைப் பிரித்ததில்லை.

எங்கள் பக்கத்து வீடு ராதாகிருஷ்ணன் வீடு. ஜவுளி மொத்த வியாபாரம். வீட்டுக்குள் சௌராஷ்டிர பாஷை. கோபம் வந்தால் இன்னும் வேகமான சௌராஷ்டிரம். இத்தனை வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்தும் எனக்கு ஒன்றும் புரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. இருந்துவிட்டுப் போகட்டும். அவர் மகள் காவ்யஸ்ரீ எம்.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம். அதில் கம்ப்யூட்டர் பேப்பரும் உண்டு. புரோகிராமை எல்லாம் பேப்பரில் எழுதி வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள். ஆனால் மவுஸைத் தொட்டதில்லை. கல்லூரி லேபில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டெமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் மவுஸைப் பிடித்து ஆட்டுவார். இவர்கள் தரிசனம் செய்துவிட்டு வெளியே வர வேண்டும். கோயிலிலாவது தீர்த்தம் கையில் கொடுப்பார்கள்.

அவள் கல்லூரிக்கு மெட்ராஸ் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வந்தது. பரீட்சை, நேர்முகம் எல்லாம் நன்றாகச் செய்தாளாம். முடிவு மெயிலில் வரும் என்றார்கள். அன்றிலிருந்து தினமும் ராஜகுரு கடை வாசலில் நின்றாள்.

ஒரு புதன்கிழமை ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க அவன் கடைக்குப் போனேன். ராஜகுரு வாயெல்லாம் பல்லாக இருந்தான்.

"வாலாம்பாள் மாமி, சங்கதி தெரியுமா? உங்க பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு மெட்ராஸ்ல வேலை வந்துருச்சு."

"அடடே! ஸ்வீட் ஒண்ணும் வரலையே?"

"எங்கிட்டு ஸ்வீட்டு! பிரிண்ட் எடுத்து அவங்க அப்பாட்டதான் குடுத்தேன். பரமக்குடி வரன் கூடி வர்ற நேரம், இது என்னப்பா வம்பு, வேணாம்னு எழுதிருன்னாரு. எழுதிட்டேன்."

"யாரு, நீயா?"

"நான்தான். அந்தப் புள்ளையே எழுதுற மாதிரி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, வர இயலாது, நன்றி. இங்கிலீஷ்ல நச்சுன்னு இருக்கும் மாமி. வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் குடுத்துருந்தான். நான் இன்னைக்கே போட்டுட்டேன். நம்மகிட்ட வேலை சுத்தம்."

"காவ்யாவுக்குத் தெரியுமோ?"

"எதுக்கு மாமி, சின்னப் புள்ள மனசு சங்கடப்படும்ல."

சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பெண்ணே படியேறி வந்தது. தோளில் பை, நெற்றியில் வியர்வை.

"எனக்கு ஏதும் வந்திருக்கா, அண்ணே?"

ராஜகுரு கம்ப்யூட்டர் பக்கம்கூடத் திரும்பவில்லை. "ஒண்ணும் வரலம்மா" என்றான், கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி சிரித்துக்கொண்டு. அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரேஷன் கார்டை அவன் மேஜையிலேயே விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்து, மேளம் கொட்டாத குறையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தச் சமாச்சாரம் இதற்குள் பால்காரனுக்கும் அயர்ன்காரனுக்கும் போயிருக்கும். யார் பேரில் வந்ததோ அவளுக்கு மட்டும் தெரியாது என்றால், இது என்ன ஊர்?

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்குமா மாமி?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதே" என்றாள்.

"எனக்குத் தெரியும்டி. அவன் கடை போன் நம்பர். எல்லாருக்கும் அதேதான். தட்டறச்சே வாய்விட்டுச் சொல்லிண்டே தட்டுவான். போர்டுலயே எழுதியிருக்கு, பாரு."

அவள் அண்ணாந்து மஞ்சள் போர்டைப் பார்த்தாள். என்னையும் ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாள் அவள் வகுப்புத் தோழி ஒச்சம்மாளோடு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் மெயிலைத் திறப்பதாக ஏற்பாடு. ராஜகுரு கடைக்குப் போனால் அப்பா காதுக்குப் போய்விடும் அல்லவா. ஆரப்பாளையத்தில் என் நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பார்த்து நாளாயிற்றே என்று எனக்கு அன்றைக்குப் பார்த்துத் தோன்றியது. நானும் பஸ் ஏறினேன்.

ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கம். தினமும் பஸ்ஸில் வந்து படிக்கிறவள். ஊர் பஸ் கிளம்பும் வரை அந்த ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தானாகவே பழகிக்கொண்டவள். சென்டர்காரன் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "ஒரு கேபினுக்கு ஒரு ஆளுதாங்க" என்றான். "மாமியுமா பிரவுசிங்?"

"ஏன், நான் பண்ணப்படாதா?" என்றேன். வழி விட்டான்.

காவ்யா நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீயே தட்டிக் குடுடி" என்றாள்.

ஒச்சம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஏ, நான் தட்டுனா அந்த ராஜகுருக்கும் எனக்கும் என்னடி வித்தியாசம்? நீ தட்டு."

"தப்பா அமுக்கிட்டா?"

"அமுக்கிட்டா பஸ்ஸா கவுந்துரும்? இன்னொருக்கா அமுக்கு. நான் மொதநாளு இதை எப்படி அணைக்கணும்னு தெரியாம, கேபின் திரைச்சீலைய இழுத்து மூடிட்டு ஓடிப் போயிட்டேன், தெரியும்ல? யாரும் என்னைப் புடிச்சு ஜெயில்ல போடல."

காவ்யா மவுஸைப் பிடித்தாள். அம்பு ஒரு மூலைக்கு ஓடிற்று. மறுபடி இழுத்து வந்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஐடியை அடித்தாள். நான் பின்னாலிருந்து போன் நம்பரைச் சொன்னேன். திறந்தது.

கம்பெனியின் மெயில் இருந்தது. அவள் பேர் போட்டு, வேலை தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லவும் என்று. இரண்டு தடவை படித்தாள். பிறகு ஒச்சம்மாள் காட்டிய இடத்தில் அமுக்கினாள். இவள் பேரில் போன பதில் அங்கே இருந்தது.

"பாத்தியாடி, உனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருச்சாம்" என்றாள் ஒச்சம்மாள். "எனக்குப் பத்திரிகை வைக்கவே இல்ல?"

காவ்யா சிரிக்கவில்லை. அவள் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். பதில் அடிக்க ஆரம்பித்தாள். ஒற்றை விரல்தான். கோழி கொத்துகிற மாதிரி கொத்திக் கொத்தி நாலு வரி வந்திருக்கும், கரண்ட் போய்விட்டது. எங்கள் மின்சார வாரியத்துக்குத்தான் நேரம் காலம் தெரியுமே! கரண்ட் வந்தபோது திரையில் ஒரு எழுத்து இல்லை.

"போச்சு" என்றாள் காவ்யா, எழுந்து நின்று. "எனக்கு இது ராசி இல்லடி. வா, போவோம்."

"ராசியா? இதுல என்னடி ராசி இருக்கு, தாயம் உருட்டவா வந்தோம்? பாதியில சேவ் பண்ணுன்னு சொல்லாதது என் தப்பு. உக்காரு. மறுபடி திறக்க உனக்குத் தெரியும்ல?"

தெரிந்திருந்தது. இந்தத் தடவை நம்பரைச் சொல்ல என்னைக்கூடக் கேட்கவில்லை. முன்னைவிட வேகமாக அடித்தாள். முந்தைய பதில் நான் எழுதியது இல்லை, என் அனுமதி இல்லாமல் வேறொருவர் அனுப்பியது, எனக்குச் சம்மதம், நான் வருகிறேன். அனுப்புகிற இடத்தில் அம்பை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு சிரமம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அமுக்கினாள்.

"இப்ப பாஸ்வேர்ட மாத்து" என்றாள் ஒச்சம்மாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திருப்பவில்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் நட்சத்திரம் நட்சத்திரமாக விழுந்ததே தவிர ஒன்றும் புலப்படவில்லை. விரலைப் பார்க்கலாம் என்றால் அந்தப் பெண் இடது கையால் மறைத்துக்கொண்டது! பஸ் ஏறி வந்து, சாவி சொல்லிக் கொடுத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராஜகுரு வழக்கம்போல ஊர் மெயிலை எல்லாம் திறந்து பார்த்திருக்கிறான். ஒன்று திறக்கவில்லை. நேரே ராதாகிருஷ்ணன் வீட்டுக்கு ஓடி வந்தான். "அண்ணே, உங்க பொண்ணு பாஸ்வேர்ட யாரோ மாத்திட்டாங்கண்ணே!" தன் வீட்டுப் பூட்டையே யாரோ உடைத்துவிட்ட மாதிரி பதற்றம்.

சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் வேகமான சௌராஷ்டிரம். மெட்ராஸ் என்று வந்தது, பரமக்குடி என்று வந்தது, தம்ளர் ஒன்று உருண்டது. அம்மா கனகலட்சுமி நடுவில் ஏதோ சொல்லி அடங்கினாள். பிறகு காவ்யாவின் குரல் மட்டும் தமிழுக்கு மாறியது. வாசலில் ராஜகுரு இன்னும் நின்றுகொண்டிருந்தான் என்பதாலா, சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருப்பதாலா, தெரியாது.

"என் பேர்ல எழுதச் சொன்னது யாருப்பா?"

"நான்தான் சொன்னேன். அப்பன் சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்ப்பா. என்கிட்ட சொல்லிருக்கலாம். வேணாம்னு உங்க பேர்லயே அவங்களுக்கு எழுதிருக்கலாம். நான் சொல்லாததை நான் சொன்னதா எப்படிப்பா எழுதலாம்?"

நாற்காலி ஒன்றைத் தள்ளும் சத்தம். காவ்யா விடவில்லை.

"சூரத்ல இருந்து உங்களுக்குத் துணி ரேட்டு வருதுல்ல, அது எந்த மெயில்ல வருது? அதுக்கும் இதே பாஸ்வேர்டுதான். கடை போர்டுல இருக்குற போன் நம்பர். வாசல்ல நிக்கிறவரையே கேளுங்க."

ராதாகிருஷ்ணன் வாசலுக்கு ஓடி வரும் சத்தம் கேட்டது. ராஜகுருவின் செருப்புச் சத்தம் தெருக்கோடி வரை வேகமாகப் போவதும் கேட்டது. மகள் வாழ்க்கையை ஊரான் எழுதினால் அசையாத மனுஷன், சூரத் ரேட்டு என்றதும் ஆடிப்போய்விட்டார் பாருங்கள். என் வயிற்றெரிச்சல் அன்றைக்கு ராஜகுருவை விட்டு இவர் மேல் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை ஒச்சம்மாள் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டாள். காவ்யாவும் அவளும் வீடு வீடாகப் போய்க் கல்லூரிப் பிள்ளைகளைத் திரட்டினார்கள். ராஜகுரு கடையில் நான்கு கம்ப்யூட்டரிலும் நான்கு பெண்கள். வாசலில் மிச்சப் பேர். காவ்யா ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்று, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தொட மாட்டேன், நீயே அமுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா எல்லாரும் மாத்துறீங்க, மறந்துருவீங்கம்மா" என்றான் ராஜகுரு.

"மறந்தா மறந்துட்டுப் போறோம்ணே" என்றாள் ஒச்சம்மாள். "எங்க மறதி எங்களோட இருக்கட்டும். நீங்க கரண்ட் போகாம பாத்துக்கங்க."

ராதாகிருஷ்ணனும் வந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, மகளைப் பார்க்காமல், "எதைம்மா அமுக்கணும்?" என்றார். காவ்யா காட்டினாள். அவர் பாஸ்வேர்டு அடித்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாம் சரி. கம்பெனி என்ன பதில் போட்டது? அதுதான் யாருக்கும் தெரியவில்லை! ராஜகுருவைக் கேட்டால், "எனக்கு என்ன மாமி தெரியும்" என்று எரிந்து விழுந்தான். பால்காரனுக்குத் தெரியாது. அயர்ன்காரனுக்குத் தெரியாது. இப்படி ஒரு இருட்டில் எங்கள் தெரு இருந்ததே இல்லை.

அடுத்த வாரம் ஒருநாள் காவ்யா ராஜகுரு கடையிலிருந்து இறங்கி வந்தாள். கையில் மடித்த பிரிண்ட்.

"வந்துடுத்தா?" என்றேன்.

"வந்துருச்சு மாமி."

"என்னன்னு?"

"அப்பாட்ட சொல்லிட்டு வாரேன், மாமி."

உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் சுவரோரம் அரிசியைப் புடைக்கிற பாவனையில் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று பார்த்து மெதுவாகப் பேசினார்கள். சௌராஷ்டிரமா தமிழா என்றுகூடப் பிடிபடவில்லை. நல்ல சேதியா, இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்ற சேதியா? அரிசியில் கல்லே இல்லை. மறுபடி மறுபடி புடைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கனகலட்சுமி வந்து வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. எந்தக் கலக்கம் என்று சொல்லத் தெரியவில்லை.

"மாமி, உங்க வீட்ல பெரிய சூட்கேஸ் ஒண்ணு இருந்துச்சுல்ல? சக்கரம் வச்சது?"

அவள் கேட்டு முடிக்குமுன் நான் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறிவிட்டேன். சூட்கேஸைத் தூசி தட்டி அவள் கையில் கொடுத்தேன். இரண்டடி போய்த் திரும்பினாள்.

"பரமக்குடிக்காரங்களுக்கு நாங்களே போன் போட்டுச் சொல்லிக்கிறோம், மாமி. நீங்க சிரமப்பட வேணாம்."