விளக்கு வைத்தபின் வாங்கிய பாட்டு

எங்கள் தெருவில் பிடித்த பாட்டை உறை ஊற்றித்தான் வைப்போம். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, அன்றைய பாட்டில் ஒரு கரண்டி மிச்சம் எடுத்து, அதன்மேல் நமக்கு நடந்த ஏதாவது ஒரு நேரத்தை வெதுவெதுப்பாக ஊற்றித் தட்டால் மூடிவிட்டால், காலையில் புதுப் பாட்டு கெட்டியாக நிற்கும். பெரிய நேரமெல்லாம் வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் சீட் கிடைத்தது, தண்ணீர் வராத நாளில் குழாய் தானாகச் சொட்டியது, எதிர்வீட்டுக் குழந்தை நம் பெயரை முதல் தடவையாகச் சரியாகச் சொன்னது, இது போதும். சூடு மட்டும் சரியாக இருக்க வேண்டும். சண்டை போட்ட கையோடு ஊற்றினால் திரிந்துபோகும். ஆறிப்போனதை ஊற்றினால் காலையில் பாட்டு தண்ணீராகக் கிடக்கும், வாசல் தெளிக்கத்தான் ஆகும். பழைய நேரமாக இருந்தால் லேசாகச் சூடு காட்டிக்கொள்வோம்.

ஊற்றியவருக்கு அந்த நேரம் மறந்துவிடும். தயிராகிவிட்ட பிறகு பாலை எங்கே போய்த் தேடுவது? கூட இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஊற்றியவருக்கு இருக்காது. அதனால் காலையில் மூடியைத் திறந்தால், நாமே ஊற்றியதை யாரோ ஊற்றியது மாதிரிதான் கேட்போம். பாட்டுக்கு நடுவில் அந்த நேரம் கண்ணுக்கு முன்னால் வந்து போகும். நன்றாக அமைந்துவிட்டால் ஒரு கிண்ணத்தில் பக்கத்து வீட்டுக்கும் கொடுப்போம். எனக்குப் பிடித்த பாட்டு, கேட்டுப் பாருங்கள் என்று கொடுப்பதும், இது எதனால் உங்களுக்குப் பிடித்தது என்று வாங்கியவர் துருவுவதும் தெருவில் தினமும் நடக்கிறதுதான்.

நான் கிண்ணம் கொடுக்கிற ரகம் இல்லை, வாங்குகிற ரகம். யார் வீட்டில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட வசதி வேறு கிடையாது. என்னைச் சந்தேகப் பிராணி என்று என் நாத்தனார் சொல்லித் திரிகிறாள். அவள் எதை மறைக்க அப்படிச் சொல்கிறாள் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் கோவில்பட்டியில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். என் கணவர் சங்கரலிங்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றார். ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் மட்டும் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வீட்டுப் பாட்டு புளித்துக் கிடந்தது. ஒரு கரண்டி எடுத்து வைக்கக்கூட மனிதருக்குத் தோன்றவில்லை. புளித்த பாட்டைக் கல்யாண மண்டபங்களில் வரவேற்புரை பேசுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள், அதனால் பாத்திரத்தோடு எடுத்து வெளியே வைத்தேன். அப்புறம்தான் உறைக்கு ஒரு சொட்டுப் பாட்டு கூட வீட்டில் இல்லை என்பது உறைத்தது. அதற்குள் விளக்கு வைத்தாகிவிட்டது.

விளக்கு வைத்த பிறகு எங்கள் தெருவில் உப்பு, ஊசி, உறைப்பாட்டு மூன்றும் கைமாறாது. பகலில் வாங்கினால் கொடுத்த வீட்டின் வாசனை லேசாக ஒட்டிக்கொண்டு வரும், ஒரு நாளில் போய்விடும். விளக்கு வைத்தபின் வாங்கினால் அந்த வீட்டு நேரமே முழுசாக நம் பாத்திரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். பக்கத்து வீட்டு லில்லிபுஷ்பம் அக்கா வீட்டில் மட்டும் இந்த வழக்கம் கிடையாது. அவள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். ஜன்னல் வழியாகக் கேட்டேன், ஜன்னல் வழியாகவே ஒரு கரண்டி கொடுத்தாள். நான் அதில் என்னுடைய ஏதோ ஒரு நேரத்தை ஊற்றி மூடினேன். அவசரத்தில் செய்த காரியம்.

காலையில் மூடியைத் திறந்தேன்.

பாட்டுக்கு நடுவில் மழை கொட்டுகிறது. பெட்ரோல் பங்க் ஓரமாக எங்கள் ஸ்கூட்டர் நிற்கிறது. அதில் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண், ஜவுளிக்கடைக் கவரை விரித்து அவர் தலைக்கும் தன் தலைக்கும் சேர்த்துப் பிடித்திருக்கிறாள். கவர் அவள் முகத்தை மறைக்கிறது. கழுத்து முதல் கால்வரை நீல மழைக்கோட்டு. அந்த மாதிரி மழைக்கோட்டு எங்கள் தெருவில் எல்லாப் பெண்களிடமும் உண்டு, ஒரே வண்டிக்காரன் வந்து எல்லார் தலையிலும் கட்டிவிட்டுப் போனான். அந்தப் பெண் குனிந்து அவர் காதில் என்னவோ சொல்கிறாள். மழைச் சத்தத்தில் அது கேட்கவில்லை. அவர் சிரிக்கிறார். கழுத்தைப் பின்னால் சாய்த்து, ஹாண்டில்பாரைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். ஒரு கால் செருப்பு கழன்று தண்ணீரில் போகிறது, அதைக்கூடப் பார்க்காமல் சிரிக்கிறார்.

அப்படி ஒரு சிரிப்பை இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. வீட்டில் அவர் சிரிப்பது கூட்டுறவுக் கடையில் ரசீது கிழித்துக் கொடுக்கிற மாதிரி இருக்கும். வேலையும் அங்கேதான்.

இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவரும் பாட்டைக் கேட்டார். நன்றாக வந்திருக்கிறது என்றார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"யாருங்க அது?"

"நீதான்," என்றார்.

பட்டென்று சொன்னார். பட்டென்று வருகிற பதிலை நான் நம்புவதில்லை. யோசித்துச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். அப்படி என்ன சொன்னேன் உங்கள் காதில் என்று கேட்டேன். சொன்னது மறந்துவிட்டது, சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். இரண்டாவது சட்னி கேட்டார். காதில் பூ சுற்றுகிறவர்கள் இப்படித்தான் நடுவில் சட்னி கேட்பார்கள்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் பெண் நானாக இருந்தால், முந்தின நாள் நான் ஊற்றியது அந்த நேரம்தான். ஊற்றியதால் எனக்கு மறந்திருக்கிறது. அந்தப் பெண் லில்லியக்காவாக இருந்தால், அவள் என்றைக்கோ ஊற்றி வைத்தது, விளக்கு வைத்தபின் வாங்கிய குற்றத்துக்கு என் பாத்திரத்தில் முழுசாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ஊற்றியதால் அவளுக்கும் மறந்திருக்கும். இரண்டு பெண்களுக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகம் உள்ளவர் ஒருவர்தான், அவரோ மாட்டிக்கொண்டவர். இப்படி ஒரு வழக்கை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் வைப்பது?

எனக்குப் பயமாக இருந்தது. அவர் இன்னொருத்தியோடு மழையில் நின்றார் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், மழைக்கு யார்தான் ஒதுங்கவில்லை? அப்படி ஒரு சிரிப்பு அந்த மனிதருக்குள் இருந்து, இத்தனை வருஷமாக அதில் ஒரு துளிகூட எனக்கு வரவில்லை என்றால், நான் யாரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்?

லில்லியக்காவிடமே நேரடியாகப் போய் அவளைப் பாட்டைக் கேட்க வைத்தேன். அவள் கோபப்படவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறவள் மாதிரி மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். தான் அந்தப் பெட்ரோல் பங்குக்குப் போனதாகவே ஞாபகம் இல்லை, அதனால் போயிருக்க வாய்ப்பு உண்டு என்றாள். உயரமும் கிட்டத்தட்டத் தன் உயரம்தான் என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"நானா இருந்தா தப்பு என் மேலதான் ஆவுடை. சனிக்கிழமை லீவு. நிக்க வச்சுப் பார்த்துருவோம்," என்றாள்.

தானாக முன்வருகிறாளே என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இருந்தாலும் சரி என்றேன்.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டரைத் தெருவில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, என் கணவரை ஏறி உட்காரச் சொன்னோம். அவர் வேலைக்குப் போகிற சட்டையோடு வந்து உட்கார்ந்தார், லேட்டாக வருகிறேன் என்று கடையில் சொல்லி வைத்திருந்தார். மாடி வீட்டுக்காரர் ஓஸ் பைப்பை மொட்டைமாடியிலிருந்து பிடித்துத் தண்ணீரைப் பூமழையாக இறக்கினார். தெருக்காரர்கள் அவரவர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். லில்லியக்காவும் நானும் நீல மழைக்கோட்டு மாட்டிக்கொண்டோம். கவர் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று பேச்சு.

முதலில் லில்லியக்கா. கவரை விரித்துப் பிடித்தாள், குனிந்தாள், காதில் என்னவோ சொன்னாள். அவர் திரும்பி அவளைப் பார்த்து, "தேங்க்ஸ் டீச்சர்," என்றார். என்ன சொன்னாய் என்று அவளை ஓரமாக அழைத்துக் கேட்டேன். முக்கோணத்தைப் பற்றி ஒரு ஜோக் என்றாள்.

அடுத்தது நான். கவரைப் பிடித்துக்கொண்டு, கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்றேன். அவர் தலையாட்டினார். உங்கள் தங்கை போன் பண்ணினாள் என்றேன். அதற்கும் தலையாட்டினார். கல்யாண வீட்டில் பந்தியில் பாயசம் தீர்ந்துபோய் சித்தப்பா சமையல்காரரோடு மல்லுக்கு நின்ற கதையைச் சொன்னேன். பாவம், அவர் சிரிக்கத்தான் பார்த்தார். உதட்டை இழுத்தார், அது ரசீது சிரிப்பாகவே வந்தது. மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்ட என்னை இரக்கமாகப் பார்த்தார். மாடி வீட்டுக்காரர் தொட்டியில் தண்ணீர் குறைகிறது என்று குரல் கொடுத்தார். வாசலில் இருந்தவர்களில் சிலர் நாற்காலியை மடக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அப்போதுதான் கையிலிருந்த கவரைக் கவனித்தேன். சமையலறை ஆணியில் தொங்கினதை அப்படியே உருவிக்கொண்டு வந்திருந்தேன். அதில் மதுரைக் கடை ஒன்றின் பெயர் போட்டிருந்தது. அந்தக் கடைக்கு நான் போனதே இல்லை. என் மூக்கு வியர்த்தது. பரிசோதனை, தெரு, தண்ணீர் எல்லாம் மறந்துபோய் அவர் காதில் குனிந்தேன்.

"இந்தக் கடைக்கு நீங்க எப்பப் போனீங்க? யாருக்கு என்ன எடுத்தீங்க?"

அவர் கழுத்து பின்னால் சாய்ந்தது. ஹாண்டில்பாரைத் தட்டினார். தட்டித் தட்டிச் சிரித்தார். செருப்பு கழன்று தெருவோர ஓடைத் தண்ணீரில் போனது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைக்கு நடுவில் நிற்கிறபோதும் விசாரணையா, அன்றைக்கும் இதையேதான் கேட்டாய், இதே கவர்தான் என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். பாட்டில் வந்த அதே சிரிப்புதான் என்று லில்லியக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தீர்ப்புச் சொன்னாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். தெருவே பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் அழுகை வந்துவிட்டது, ஓஸ் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன். அவருடைய செருப்பை நானே ஓடி எடுத்து வந்து மாட்டிவிட்டேன். ஆனால் ஒன்று, அந்த மதுரைக் கடைக்கு எப்போது போனார் என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுப் பாத்திரத்துக்கு முன்னால் நின்றபோது கை ஓடவில்லை. காலையில் நடந்தது சரியான சூட்டில் மனதில் இருந்தது. ஊற்றினால் அருமையாக உறையும். ஆனால் ஊற்றினால் எனக்கு மறந்துபோகும், காலையில் மறுபடி மூடியைத் திறந்து யாரடி இவள் என்று ஆரம்பிப்பேன். நான் சாட்சி சொல்கிறேன், தெருவே சாட்சி சொல்லும், தைரியமாக ஊற்று என்றாள் லில்லியக்கா. அவள் சொன்னால் நான் நம்புவேனா? என்னை எனக்குத் தெரியும். அதனால் அந்த நேரத்தைத் தொடாமல் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அடியில் கிடந்த பழைய நேரம் ஒன்றை எடுத்துச் சூடு காட்டி ஊற்றி மூடினேன். அது என்ன நேரம் என்று என்னால் சொல்ல முடியாது, ஊற்றிவிட்டேனே.

காலையில் இருவரும் சேர்ந்துதான் திறந்தோம். பாட்டு கட்டியாக, கத்தியால் வெட்டி எடுக்கிற பதத்தில் இருந்தது. நடுவில் ஒரு ரயில்வே கேட் மூடியிருக்கிறது. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தலையில் கனகாம்பரம். பக்கத்தில் ஓர் ஆள் தோளில் வாழைத்தாரோடு நிற்கிறான். தார் அவன் முகத்தை மறைக்கிறது. ரயில் போகிற சத்தத்தில் அவன் என்னவோ சொல்கிறான். நான் சிரிக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, மைல்கல் மேல் உட்கார்ந்து சிரிக்கிறேன். நான் அப்படிச் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது.

என் கணவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரு அது?"

"நீங்கதான்," என்றேன். பட்டென்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். டம்ளரில் காபி பாதி இருந்தது. அவர் காபியை மிச்சம் வைக்கிற ஆள் கிடையாது.

சமையலை முடித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். இதையும் நிற்க வைத்துப் பார்க்கத் தெருக்காரர்கள் தெருவுக்குக் குறுக்கே ரயில்வே கேட்டை இறக்கியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு ரயில், பெட்டி பெட்டியாக, வீடுகளுக்கு இடையில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் தெருவில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் தோளில் ஆளுக்கொரு வாழைத்தாரோடு வரிசையில் நின்றார்கள். ஒருவர் முகமும் தெரியவில்லை. லில்லியக்கா எனக்கு ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு கேட் ஓரமாகப் போய் நின்று, முதல் ஆளை வந்து சொல்லிப் பார்க்கச் சொன்னேன். வரிசையின் கடைசியில் இருந்த தாருக்குப் பின்னாலிருந்து மெல்லிய முணுமுணுப்பு கேட்டது. என் கணவர் என்னிடம் சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.