இடுப்பு முப்பத்திரண்டு

போர்வையின் ஒரு முனையைச் சூப்பிரண்டு இழுத்தார். மறுமுனையை அவர் மகள் விடுவதாக இல்லை. நடுவில், பெட்டிக்குள், இந்த இழுபறியில் எந்தக் கட்சியிலும் சேராமல் படுத்திருந்தவள் அவர் மனைவி.

"விடும்மா."

"அம்மா கேட்டதுப்பா. ஆஸ்பத்திரில என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க, இதத்தான் போத்தி அனுப்பணும்னு."

"ஜுரத்துல ஆயிரம் சொல்லுவா. சங்கத் தலைவர் வர்றார். ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. சூப்பிரண்டு பொண்டாட்டி ஒட்டுத்துணியப் போத்திக்கிட்டுப் போனான்னு நாளைக்கு நாலு பேர் பேசணுமா?"

மகள் முனையை விட்டாள். சம்மதித்து விடவில்லை, அழுகை வந்து கை தளர்ந்ததில் விட்டாள். சூப்பிரண்டு அதைச் சம்மதமென்று குறித்துக்கொண்டார். போர்வையைச் சுருட்டி ஓரத்து நாற்காலியில் போட்டுவிட்டு, கடையிலிருந்து வந்த புது வெள்ளைத் துணியை மனைவியின் மேல் விரித்து, மடிப்புக் கலையாமல் நீவிவிட்டார். இப்போது பார்வைக்குக் கோப்பு மாதிரி சுத்தமாக இருந்தாள்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆயிற்று. பதவிதான் ஓய்வு பெறவில்லை. பால் போடுகிறவர் முதல் கட்டிய மனைவி வரை எல்லோருக்கும் அவர் சூப்பிரண்டு. மனைவியைத் தெருவே மெஷின் அக்கா என்றது. பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை, யாரோ ஒருத்தியின் கல்யாண உடுப்பு என்று ஹாலை ஒட்டிய சின்ன அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். வெட்டி விழுந்த துண்டுகளை அவள் எறியமாட்டாள். நிறம் பார்த்துச் சேர்த்து, உள்ளே பழைய துணியடுக்கு வைத்து, கையாலேயே தைத்துப் போர்வையாக்குவாள். தெருவில் பிறந்த குழந்தைகளெல்லாம் அவள் போர்வையில்தான் மூத்திரம் போயின. தனக்கென்று அவள் தைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அதைத்தான் இப்போது நாற்காலியில் போட்டிருந்தார்.

சூப்பிரண்டின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார்.

கல்யாணத்தன்று அவர் இடுப்பு முப்பத்திரண்டு அங்குலம். இன்றைக்கும் அதே முப்பத்திரண்டு. இதை அவர் வாயால் கேட்காதவர்கள் அந்தத் தெருவில் கைக்குழந்தைகள் மட்டுமே. பேச்சுப் புரிகிற வயது வந்ததும் அவர்களுக்கும் சொல்லிவிடுவார். பிறந்தநாள்தோறும் காலையில் மெஷின் அறையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். மனைவி இஞ்சு டேப்பைச் சுற்றிப் பிடித்து, "முப்பத்திரண்டேதான்" என்பாள். ஹாலில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொல்லச் சொல்வார். அவருடைய பேண்ட் எல்லாம் அவள் தைத்தவை. ஒவ்வொன்றின் இடுப்புப் பட்டிக்குள்ளும் கடைச் சரக்குப்போல வெள்ளை நாடாவில் 32 என்று நூலால் எழுதித் தைத்திருப்பாள். அவர் கேட்டுச் செய்ததுதான். நடைப்பயிற்சிக்கு வருகிற நண்பர்களிடம் பட்டியைத் திருப்பிக் காட்டுவார்.

"கட்டுப்பாடு சார். வாயக் கட்டணும், வயித்தக் கட்டணும்."

மனைவியின் தம்பிக்குத் துணிக்கடையில் வேலை. நல்ல மனுஷன், நல்ல தொப்பை. அவருக்குச் சூப்பிரண்டு வைத்த பேர் பூசணி. "உன் வயிறு வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு நீ வர்றடா" என்பார். பூசணி சிரித்துக்கொண்டே அக்காவிடம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அவள் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். மனைவியையும் சூப்பிரண்டு விட்டுவைத்ததில்லை. தட்டில் இரண்டாவது கரண்டி விழும்போது ஒரு கனைப்புக் கனைப்பார். கடைசியில் நோய் வந்து ஆஸ்பத்திரியில் அவள் நாராகக் கிடந்தபோது, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மனதாரப் பாராட்டினார்: "இப்பத்தான் என் பக்கத்துல நின்னா ஜோடியா இருக்கும்."

அவள் சிரித்தாள். அவளால் அப்போது முடிந்தது அவ்வளவுதான்.

தலைவர் வருகிற நேரமாயிற்று. உடை மாற்ற வேண்டும். படுக்கையறையில் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். சூப்பிரண்டு மெஷின் அறைக்குள் போனார். மெஷின் முன்னாலிருந்த ஸ்டூலில் சாம்பல் நிறப் பேண்ட் மடித்து வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையில்கூட மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். "அதப் போட்டுடாதீங்க, பட்டன் தைக்கணும், இன்னும் முடியல" என்றாள். சூப்பிரண்டு பார்த்தார். பட்டன் இருந்தது, கெட்டியாகவே இருந்தது. ஜுரத்தில் ஆயிரம் சொல்வாள்.

போட்டுக்கொண்டார். கச்சிதம். பட்டிக்குள் ஒரு விரல் விடுகிற அளவுக்கு இடம்கூட இருந்தது. இடதுபக்க இடுப்பில் மட்டும் ஏதோ குத்தியது. அந்த 32 நாடாவின் முனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். வளையத்தில் இறந்தவள் பேரைவிடச் சங்கத்தின் பேர் பெரிதாக இருந்தது.

"சூப்பிரண்டு சார், மனசத் தளர விடாதீங்க. பாருங்க, இந்த வயசுலயும் தூண் மாதிரி நிக்கிறீங்க."

"கட்டுப்பாடு சார்," என்றார் சூப்பிரண்டு. வாய் பழகிவிட்டது. "முன்பக்கம் நான்தான் தூக்கப் போறேன். என் மச்சானும் தூக்கறேன்னு நிக்கிறான். அவன் தூக்கினா வண்டி வரைக்கும் மூச்சு வராது, அப்புறம் அவனையும் சேத்துத் தூக்கணும்."

இரண்டு பேர் சிரித்து, இடம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள். சுவரோரம் நின்ற பூசணியும் சிரித்தார். கண் வீங்கியிருந்தது.

"மூடிரலாமா?" என்றார் வண்டிக்காரர்.

கால்மாட்டில் வெள்ளைத் துணி கொஞ்சம் விலகியிருந்தது. சூப்பிரண்டு குனிந்து அதைச் சரிசெய்தார்.

பெரிய சத்தமொன்றும் இல்லை. நூல் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொடுக்கிற மெல்லிய சத்தம், பிறகு பின்பக்கத்தில் காற்று. நிமிர்ந்தவர், கையைப் பின்னால் கட்டிக்கொள்வதுபோலக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார். தையல் பட்டியிலிருந்து கீழ்வரை திறந்திருந்தது. விரலில் நூல் மாட்டியது. தொளதொளவென்று எட்டி எட்டிப் போட்ட நூல்.

கணவனாக இருந்த காலமெல்லாம் அந்த அறை வாசலில் நின்று காப்பி கேட்டவர் அவர். அந்தத் தையலைத் தெரியும். மெஷினில் கொடுப்பதற்கு முன்னால் துணி நகராமலிருக்கக் கையால் போட்டு வைப்பது. புதுசாக ஒரு துண்டைச் சேர்க்கும்போது போடுவது.

அவர் பின்வாங்கிப் பின்வாங்கி ஓரத்து நாற்காலிக்குப் போனார். உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த ஒட்டுப்போர்வையை இழுத்து இடுப்பைச் சுற்றி இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார்.

ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயோ பாவம்," என்றாள் ஒருத்தி. "அவ தெச்சதக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்துட்டாரு பாரு."

"வெளில விறைப்பு. உள்ளுக்குள்ள இவ்வளவு இருந்திருக்கு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சூப்பிரண்டு தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் துக்கமென்றே கணக்கில் சேர்ந்தது.

மகள் வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள். முகம் தெளிந்திருந்தது. "அப்பா," என்றாள் மெதுவாக. "குடுங்கப்பா. அம்மாவுக்குப் போத்திடலாம். அவங்க ஆசப்பட்டது. உங்க கையாலயே போத்துங்க." கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மூடியை ஏந்திக்கொண்டு இரண்டு பேர் காத்திருந்தார்கள். நாலு எட்டு வைத்தால் போதும். நாலு எட்டும் தலைவருக்கும், ஆபீஸ் ஆட்களுக்கும், நடைப்பயிற்சி நண்பர்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். எழுந்திருக்கலாம் என்றுதான் நினைத்தார். முழங்கால்கூட ஒரு தரம் அசைந்தது.

"இது எங்கிட்ட இருக்கட்டும்மா," என்றார்.

மகள் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "சரிப்பா. வச்சிக்குங்க. நான் காலைல உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை ஓங்கியது. அந்த வீட்டில் அன்று அதுவரை யாரும் அப்படி அழவில்லை. மூடி பொருந்தியது.

தூக்குகிற நேரத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "கால் வரல," என்றார். யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பூசணி வந்து முன்பக்கம் தோளைக் கொடுத்தார். பெட்டி சாயவில்லை. வாசற்படி, நடை, தெரு என்று எங்கும் நிற்காமல், நீர்ப்பானையைக் கொண்டுபோகிற மாதிரி அலுங்காமல் அக்காவை வண்டியில் கொண்டுபோய் வைத்தார். சூப்பிரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தார். ஜன்னல்களில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

வண்டியில் குனிந்தே இருந்ததால் போர்வையின் கரையைப் பார்க்கவேண்டி வந்தது. நடுவில் பூவும் கட்டமுமாகத் தெருக்காரர்களின் துணி. கரை மட்டும் வேறு மாதிரி. பழுப்பு, கருநீலம், கறுப்பு, மறுபடி பழுப்பு, எல்லாம் கனத்த துணி, பேண்ட் துணி. கருநீலம் அவருடைய பிரிவுபசார விழாவுக்குப் போட்டது, துண்டு மிஞ்சாமல் அளந்து வாங்கிய துணி. அந்தப் பேண்ட் இன்றும் அலமாரியில் கிழியாமல், குறையாமல் தொங்குகிறது. அப்படியானால் இந்தத் துண்டு எதிலிருந்து மிஞ்சியது? அடுத்தது. அதற்கடுத்தது. கரை நாலு பக்கமும் போயிற்று. கடைசி மூலையில் சாம்பல் நிறம், புதுசு. அதற்குமேல் அவர் பார்க்கவில்லை. இடுப்பில் ஊசி மாதிரி ஒன்று குத்திக்கொண்டே வந்தது. நகர்ந்து உட்காரவும் இல்லை.

மண் போடும்போதும் ஒரு கையால்தான் போட்டார். மற்றக் கை போர்வையைப் பிடித்திருந்தது.

"அடுத்த சங்கக் கூட்டத்துல நான் இதச் சொல்லத்தான் போறேன் சார்," என்றார் தலைவர், விடைபெறும்போது. "இந்தக் காலத்துல பொண்டாட்டி மேல இப்படி ஒரு மனுஷன்."

"வேணாம் சார்."

"அந்த அடக்கம் இருக்கு பாருங்க!"

சாயந்திரம் வீடு அடங்கியது. சூப்பிரண்டு மெஷின் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்து, பைஜாமாவுக்கு மாறிக்கொண்டு பேண்ட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார். வலதுபக்கம் பழைய தையலின் தடம், அதைத் தாண்டி இன்னொரு தடம், பிறகு ஒரு துண்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மாவரைக்கும் கல்லைக் கொத்தின மாதிரி ஊசித் துளைகள். கால் மடிப்பில் துணியே இல்லை, மேலே இடுப்புக்குப் போயிருந்தது. வலதுபக்கம் மெஷின் ஓடி முடிந்திருந்தது. நடுவில் வெறும் கைத்தையல். இடதுபக்கத்தில் ஊசி, கோத்த நூலோடு, குத்தியபடியே இருந்தது. பட்டியில் 32 மட்டும் அழகாக நேராக இருந்தது. ஒவ்வொரு தடவையும் பிரித்து, திரும்பவும் நடுவுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

வெகுகாலத்துக்கு முன்னால் ஒரு பிறந்தநாளில் அவள், "முப்பத்திமூணு" என்றது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் டேப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தார். சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாததால் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மகள் அப்போது பச்சைக் குழந்தை. சாயந்திரம் மனைவி தெருவில் இறங்கி டேப்பைப் பொறுக்கி வந்து, "சரியா பிடிக்கல, முப்பத்திரண்டுதான்" என்றாள். அப்புறம்தான் சோறு வெந்தது.

கதவு அசைந்தது. பூசணி எட்டிப் பார்த்தார். "அத்தான், ஒரு வாய் ஏதாவது..." கண் பேண்ட்டில் விழுந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"உனக்குத் தெரியுமா?"

"எது அத்தான்?"

சூப்பிரண்டு பட்டியைத் திருப்பிக் காட்டினார். பூசணி மெஷினின் மேல் படிந்திருந்த நூல்தூசியை விரலால் ஒதுக்கினார்.

"துணி கலருக்குக் கலர் பார்த்து நான்தானே எடுத்தாந்து குடுப்பேன்," என்றார் கடைசியில். "சிரிச்சிடக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிருந்துச்சு. உங்க பாப்பாகிட்டகூடச் சொன்னதில்ல."

பொட்டலம் கொடுத்துவிட்டு, தொப்பையைப் பற்றி வசவு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே சாப்பிடுகிற பூசணி. சூப்பிரண்டுக்கு அந்தக் காட்சியை எந்தப் பக்கம் பார்த்து நினைப்பது என்று தெரியவில்லை.

ஸ்டூலின் கீழிருந்து இஞ்சு டேப்பை எடுத்து நீட்டினார்.

"அள."

"இப்ப எதுக்கு அத்தான் அதெல்லாம்?"

"அள, மச்சான்."

மச்சானென்று நேருக்கு நேர் அவரைக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று இருவருமே யோசித்திருப்பார்கள். பூசணி டேப்பை வாங்கிக்கொண்டார். சூப்பிரண்டு சட்டையைத் தூக்கி, பிறந்தநாள் காலைகளில் நிற்பதுபோலக் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றார். டேப் முதுகைச் சுற்றி வந்தது. மூச்சைப் பிடிக்காமல் விட்டார். வயிறு தன் இடத்துக்கு வந்து நின்றது. டேப் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

பூசணி குனிந்து பார்த்தார். அவருடைய தடித்த கட்டைவிரல் மெல்ல நகர்ந்து வந்து எண்ணின்மேல் படிந்துகொண்டது.

"முப்பத்திரண்டேதான், அத்தான்."

சூப்பிரண்டு தூக்கிய கைகளை இறக்கவில்லை.