ஆல்பர்ட் சொல்லிவைத்த ரோஜா

உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் செலினாவுக்கே தெரியாது. நின்றபடி ஒரு வாய், நடந்தபடி ஒரு வாய், அவ்வளவுதான். விடிவதற்குள் எழுந்து, கட்டிலில் கிடக்கிற புருஷனுக்கு மலஜலப் பாத்திரம் வைத்து, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமைக்க ஓட வேண்டும். அங்கே அடுப்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால் வீட்டில் மறுபடியும் அதே பாத்திரம், அதே துடைப்பு. மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தாள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தேய்கிறவளைக் கேட்டால்தான் தெரியும் எங்கெங்கே வலிக்கிறதென்று.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ரோஜாச் செடிக்கு வேறு அவள் சேவகம் செய்துகொண்டிருந்தாள்.

செடி புருஷன் ஆல்பர்ட் வைத்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் அவன் டிரைவர். வடக்கனந்தலில் அவர்கள் வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே நாலு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் உண்டு. அதில் செங்கல்லைச் சாய்த்துப் பதித்து, கனகாம்பரம், டிசம்பர் பூ, கல்வாழை, மருக்கொழுந்து, ஊடே கத்திரியும் பச்சைமிளகாயும் என்று ஒன்றன்மேல் ஒன்று சாய்கிற மாதிரி நட்டு வைத்திருந்தான். போன வருஷம் வழியில் ஏதோ நர்சரியில் வண்டியை நிறுத்தி, ஒட்டுக் கட்டின ரோஜா ஒன்றை வாங்கி, இன்ஜின் பக்கத்தில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தான். முழங்கால் உயரச் செடி. உச்சியில் ஒரே ஒரு பூ. ரத்தச் சிவப்பு.

செடி வந்த அடுத்த மாதமே மாதாவும் வந்தாள். அக்டோபர் செபமாலை மாதத்தில் மாதா சுரூபம், அதாவது சிலை, ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று அந்தத் தெருவைச் சுற்றி வரும். எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த வீட்டில் பூத்த பூவைத்தான் முதலில் மாதா காலடியில் வைக்க வேண்டும். ஒரு கனகாம்பரமானாலும் சரி, கடைப் பூவெல்லாம் அதற்குப் பிறகுதான். அன்று செடியில் பூ இல்லை. ஆல்பர்ட் சும்மா இருந்திருக்கலாம். இருப்பானா? கூட்டத்துக்கு நடுவே நின்று, "அடுத்த வருசம் மாதா வரும்போது பாருங்க, காலு தெரியாத அளவுக்குச் செவப்பு ரோஜா வெக்கிறேன். எங் கையாலயே வெக்கிறேன்" என்று தம்பட்டம் அடித்தான். தெருவே சிரித்தது.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவன் அப்படியே சாய்ந்தான். வலது கையும் காலும் போயின. நாக்கும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது தோட்டம் காய்ந்து கருவாடாகக் கிடந்தது. ரோஜாவின் உச்சி கறுத்துச் சுருங்கி, ஒரு விரல் நீளக் குச்சியாக நின்றது. ஆனால் மண்ணையொட்டி, அடியிலிருந்து, பச்சைப் பசேலென்று இரண்டு துளிர். அதைப் பார்த்ததும் செலினாவுக்கு அழுகையே வந்துவிட்டது. காய்ந்ததை எடுத்தால்தானே பச்சை வளரும்? அரிவாளைக் கொண்டுவந்து அந்தக் கறுத்த குச்சியை நறுக்கென்று அறுத்து எறிந்தாள்.

அதற்குப் பிறகு செடி வளர்ந்த வளர்த்தி இருக்கிறதே! அரிசி கழுவின தண்ணீர், முட்டை ஓடு, டீத்தூள் சக்கை என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். ஜன்னல் உயரம் வந்து, அதையும் தாண்டிற்று. தினமும் வேலையிலிருந்து வந்ததும் கட்டிலண்டை நின்று, "இன்னிக்கு ரெண்டு துளிர் ஜாஸ்தி. இந்த வூட்ல இது ஒண்ணாச்சும் உருப்படியா வளருதுங்க" என்பாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே தலையாட்டுவான். ஆடி மாதத்துக்குள் அவனுக்கு நாக்கு பாதி திரும்பிவிட்டது. செடியைப் பற்றி மட்டும் அவன் ஒன்றும் பேசவில்லை.

அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. எழுந்து நடக்கட்டும் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது. அவன் நாலு பேர் முன்னால் சொன்ன சொல் ஒன்றாவது நிற்கட்டும். கட்டிலில் கிடக்கிறவன் சொல்லுக்கு என்ன மரியாதை என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது. இந்த வருஷம் மாதா வருகிற அன்று சிவப்பு ரோஜா இருக்க வேண்டும்.

மாதா வருவதற்கு முந்தின வாரம் கொத்துக் கொத்தாக மொட்டு விட்டது. மாதா வருகிற அன்று காலையில் பூத்தது.

பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக் கண்ணகிதான் முதலில் பார்த்தாள். "இன்னாக்கா இது? செவப்பு செவப்புன்னு சொல்லிக்கினு இருந்த. வெள்ளையா, பொடிசா பூத்துக்கினு இருக்குது? புள்ளையார் புடிக்கக் கொரங்கா பூட்ச்சே!"

செலினா வாளியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். வேலியோரம் தானாக முளைத்த எதையோ போல, சின்னச் சின்னதாக, ஐந்தாறு இதழோடு வெள்ளைப் பூக்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே போய் அரிவாளோடு வந்தாள்.

"செலினா... வேணாம்" என்றான் ஆல்பர்ட், ஜன்னல் வழியாக.

"இன்னா வேணாம்? அந்த நர்சரிக்காரன் நல்லா ஏமாத்திட்டான் உங்கள. இதுக்குப் போயி நாயா பேயா தண்ணி ஊத்தினேனே!"

"அவன்... ஏமாத்தல. ஒட்டுச் செடி. மேல செவப்பு. கீழ வேரு... வேற. அடியிலருந்து வந்தா... இதுதான் வரும்."

"அப்ப மேல இருந்தது எங்க?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். செலினாவின் கையில் அரிவாள் அப்படியே நின்றது. அந்தக் கறுத்த குச்சி. நறுக்கென்ற அந்தச் சத்தம்.

"நா அறுத்தத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். அதுல ஒரு மொளக் கண்ணு... பச்சையா இருந்துச்சி. கத்தினேன். வாய் வரல."

அன்றைக்கு அவன் கத்தியது அவளுக்கு ஞாபகம் வந்தது. தொண்டையிலிருந்து ஒரு மாதிரிச் சத்தம் போட்டு, இடது கையால் கட்டில் சட்டத்தை அடி அடியென்று அடித்தான். அவசரமாக வருகிறதாக்கும் என்று நினைத்து, போட்டது போட்டபடி உள்ளே ஓடிப் பாத்திரத்தை வைத்தாள். ஒன்றும் வரவில்லை. "ஒரு நிமிசம் என்னிய நிம்மதியா வுட மாட்டியா?" என்று கத்திவிட்டுப் போனாள். மரியாதைகூட இல்லாமல். பாவி, அப்போது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. வலியென்று நினைத்துக்கொண்டாள்.

"நாக்கு வந்தப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல?" அவள் அரிவாளைக் கீழே போட்டாள்.

"இன்னான்னு சொல்ல? இது ஒண்ணாச்சும் வளருதுன்னு... தெனம் வந்து சொன்ன. அதயும் புடுங்கவா?"

அழுவதற்கும் நேரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அடுப்பு காத்துக்கொண்டிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினாள். சாம்பாரைக் கிண்டிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தாள். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஷேர் ஆட்டோவில் கள்ளக்குறிச்சிக்குப் போய், பஸ் ஸ்டாண்ட் பூக்கடையில் நல்ல சிவப்பு ரோஜாவாகப் பொறுக்கி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். காம்பில் ஈரத் துணி சுற்றினால் செடியில் பறித்தது போலத்தான் இருக்கும். மாதாவுக்கு முன்னால் பொய்யா என்றால் ஆமாம், பொய்தான். பொங்கலிலிருந்து இந்த வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறவள் இதையும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று அவளுக்குக் கோபம்.

திரும்பி வந்தபோது தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது. மாதா புறப்பட்டுவிட்டாள். அரக்கப் பரக்க ஓடிவந்த செலினா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாசற்படி தாண்டாத ஆல்பர்ட், தோட்டத்து நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கண்ணகியும் அவள் புருஷன் அய்யப்பனும் தூக்கிக்கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சலவைச் சட்டை. விழுந்துவிடாமல் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டியிருந்தார்கள். இடது கையில், கொத்தாக, அந்த வெள்ளைப் பூக்கள்.

"நா செவப்பு வாங்கியாந்திருக்கேன்" என்று அவன் காதருகே குனிந்து சொன்னாள். "இத வெச்சிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

அவன் வேண்டாமென்று தலையை அசைத்தான். (அந்தக் கடை ரோஜாவெல்லாம் கடைசியில் கண்ணகி கொண்டைக்குத்தான் போயிற்று.)

சுரூபத்தைக் கொண்டுவந்து வாசலில் ஸ்டூல் மேல் வைத்தார்கள். பாட்டு நின்றது. செபம் சொல்லவைக்கிற இஞ்ஞாசியம்மாளுக்கு எதையும் மறக்கிற வழக்கம் கிடையாது. அதுவும் கேட்கக் கூடாததை மறக்கவே மாட்டாள்.

"இன்னாப்பா ஆல்பர்ட்டு, செவப்பு ரோஜா வெக்கிறேன்னு மைக்கு கட்டாத கொறயா சொன்னியே போன வருசம்? எங்க அது?"

தெரு முழுக்க அவனைப் பார்த்தது. செலினாவுக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. நான்தான் அறுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆல்பர்ட் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்துப் பேச ஆரம்பித்துவிட்டான்.

"செவப்பு... என்னுது. என்னோடயே... வுழுந்துடுச்சி. இது எம்பொண்டாட்டி வளத்தது. தனியா... வளத்தா."

கை நீட்டினான். மாதா காலடிவரை எட்டவில்லை. இஞ்ஞாசியம்மாள் ஸ்டூலோடு மாதாவை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவன் கையாலேயே வைத்தான்.

எல்லோரும் முழங்கால் போட்டார்கள். செலினாவால் முடியவில்லை. நாற்காலிக் காலில் முதுகைச் சாய்த்து, செங்கல் வரப்பை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உடம்பு அதுபாட்டுக்கு இறங்கிற்று. செபமாலையில் முதல் பத்து மணி உருட்டி முடிவதற்குள் தலை அவன் செத்த காலின் மேல் சாய்ந்துவிட்டது. மாதாவுக்கு முன்னால் குறட்டை விடுகிறாளே என்று கண்ணகி எழுப்பப் போனாள். இஞ்ஞாசியம்மாள் கண்ணாலேயே அதட்டினாள்.

செபமாலை நடந்தது. ஒவ்வொரு மணிக்கும் தெரு சொல்லி முடித்த பிறகு, "புனித மரியே, இறைவனின் தாயே" என்று ஒரு குரல் மட்டும் பின்தங்கி வந்துகொண்டிருந்தது. அவளுடைய பங்கையும் சேர்த்து ஆல்பர்ட் சொல்லிக்கொண்டிருந்தான்.