எட்டாவது ஸ்க்ரூ

மார்ச் 12, செவ்வாய்.
செய்தது: லேப்பில் நான்கு பல் அச்சு வார்த்தேன். ஒன்றில் குமிழி விழுந்தது. உடைத்துவிட்டு மறுபடி வார்த்தேன்.
தவறு: அப்பாவுக்குப் பல் பொருத்தும் நாள் திங்கள், பதினொன்று. நான் செவ்வாய், பன்னிரண்டு என்று குறித்து வைத்திருந்தேன். இன்று போய் நின்றோம். டாக்டர் வெளியூர். இனி வெள்ளிக்கிழமைதான். சின்னத் தவறு. மூன்று நாள்தான் தள்ளிப் போகிறது.
நாளை: அப்பாவிடம் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு அவள் அப்பாவின் தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். கையை எடுத்தால் வாய் திறந்துகொண்டது. திறந்த வாயில் உதடுகள் உள்ளே மடிந்து போயின. முகம் பத்து வயது கூடிவிட்டது. மறுபடி தாங்கிப் பிடித்தாள்.

ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அப்போது மணி ஏழு நாற்பது. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு கால் ஷூ மட்டும் காலில் இருந்தது. அதை யாரும் கழற்றவில்லை.

அம்மா போனைக் கீழே வைத்தாள்.

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லிட்டேன். ஒரு மணிக்குள்ள வந்துடுவாராம்."

"ம்."

"வந்ததும் இந்த வாயத்தான் பாப்பாரு."

அம்மா அழுதுகொண்டு சொல்லவில்லை. கடைக்குப் போக வேண்டும் என்பதைப் போலச் சொன்னாள்.

பதினோரு வருடத்துக்கு முன் பெரியப்பா மகளின் கல்யாண விருந்து. அப்பாவுக்கு அப்போதே மேலும் கீழும் கழற்றி மாட்டும் பல்செட்தான். சாப்பிட்டதும் கை கழுவும் இடத்தில் அதைக் கழற்றி அலசி, ஒரு காகிதக் கைக்குட்டையில் வைத்துவிட்டு முகம் கழுவினார். துடைத்துக்கொண்டு திரும்பினால் கைக்குட்டையும் இல்லை, பல்செட்டும் இல்லை. அதே நேரத்தில் மைக்கில் அவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் பெரியப்பா. பல்செட் பெரியப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

அப்பா போகாமல் இருந்திருக்கலாம். அண்ணன் கூப்பிட்டதால் போனார். மணமக்களை வாழ்த்தி இரண்டு நிமிடம் பேசினார். 'ச' வரவில்லை, 'த' வரவில்லை, காற்று வந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியப்பா பையிலிருந்து பல்செட்டை எடுத்துத் தூக்கிக் காட்டியதும் இன்னொரு மடங்கு சிரித்தது. அன்றிலிருந்து அப்பாவுக்குப் பெயர் பொக்கை. எந்த விசேஷமானாலும், சாப்பாடு முடிந்து வெட்டிப்பேச்சு தொடங்கினால், யாராவது ஒருவர் "அந்த வாழ்த்துரைய எடுத்து விடுங்க" என்பார்கள். பெரியப்பா உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு அப்படியே பேசிக் காட்டுவார். அச்சு அசலாக இருக்கும்.

முதல் நாள் சிரித்தவர்களில் அவளும் இருந்தாள். பத்து வயது. அப்பா மேடையிலிருந்து நேராக அவளைத்தான் பார்த்தார். இதை அவள் எந்த நோட்டிலும் எழுதியதில்லை.

பகலில் அவளுக்குப் பல்செட் செய்யும் லேப்பில் வேலை. மாலையில் அதே தொழிலுக்கான வகுப்பு. செய்தது, தவறு, நாளை என்று மூன்று தலைப்பில் தினமும் எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் புளுகி எழுதுவார்கள். அவள் அன்றன்றைக்கு எழுதுவாள். எழுதியதைத் திரும்பப் படித்து, தவறு சரியான தவறுதானா என்று சந்தேகப்படுவாள்.

தாடை எலும்பில் உலோக வேர் பதிக்கும் இம்ப்ளான்ட் பற்றி வகுப்பில் கேட்டதை அப்பாவிடம் சொன்னதும் அவள்தான். மேல் எலும்பில் நாலு, கீழ் எலும்பில் நாலு. எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ள சில மாதம் ஆகும். அப்புறம் ஒவ்வொரு வரிசைப் பல்லையும் ஒரே துண்டாக அவற்றின் மேல் வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுவார்கள். டாக்டர் மட்டும்தான் கழற்றலாம்.

"நானே நெனச்சாலும் கழட்ட முடியாதா?" என்று அப்பா கேட்டார்.

"முடியாது."

"அடுத்தவனும் முடியாது."

"முடியாதுப்பா."

அப்பா அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எலும்பில் பதித்த அன்றைக்கே பழைய பல்செட்டைக் குப்பையில் போட்டார். அதையே சரிசெய்து கொஞ்ச நாள் மாட்டிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. ஐந்து மாதம் எல்லாவற்றையும் மசித்துச் சாப்பிட்டார். பெரியப்பா வீட்டுக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது என்று வீட்டில் கட்டளை. நேற்று மாலை ஓர் ஆப்பிள் வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைத்தார். ஒரே ஓர் ஆப்பிள்.

"வெள்ளிக்கிழமை பல்லு மாட்டினதும், ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போறேன். எதுக்க உக்காருவேன். ஒண்ணும் பேச மாட்டேன். கடிப்பேன். அவ்வளவுதான்."

திங்கட்கிழமையே மாட்டியிருக்க வேண்டியது.

"அம்மா, இங்க வா. இப்படிப் பிடிச்சுக்கோ" என்று தாடையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

லேப் இருபது நிமிட நடை. அவள் ஓடினாள். ஓனர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தூக்கிய ஷட்டரைப் பாதியில் பிடித்தபடி நின்றார். ஒவ்வொரு பல்லுக்கும் குறை சொல்லும் மனிதர்.

"இப்ப எதுக்கும்மா அது?"

"வேணும் சார்."

"நான் எப்படிக் குடுக்க? டாக்டர் மாட்ட வேண்டியது."

"டாக்டர்கிட்ட நீங்களே பேசுங்க."

ஓனர் பேசினார். நடந்ததை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஓனர் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தார். அப்பாவின் எண் எழுதிய டப்பா. மேல் வரிசை, கீழ் வரிசை. இளஞ்சிவப்பு விளிம்பை மெருகேற்றியது அவள்தான். மூன்று முறை திருப்பிக் கொடுத்து மறுபடி தேய்க்கச் சொன்னவர் ஓனர்தான். எட்டு ஸ்க்ரூ. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர்.

"செட் உங்க அப்பாவோடதுதானாம். டிரைவரை மட்டும் நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்னாரு." கொஞ்சம் தயங்கினார். "எத்தன மணிக்குப் போனாரு?"

"ஏழு நாப்பது."

"சீக்கிரம் போம்மா. தாடை இறுகிப் போயிடும்."

வீட்டுக்கு வரும்போது ஒன்பதரை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். ஈறுகளில், பதித்தவற்றின் மேல், எட்டுச் சிறு மூடிகள் தெரிந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். வாய் உலர்ந்திருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்தாள். 'வலிச்சா கையத் தூக்குங்க' என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினாள்.

மேல் வரிசை உட்கார்ந்தது. வகுப்பில் சொன்னபடி ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி முடுக்கினாள்.

"மெதுவாடி" என்றாள் அம்மா. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கீழ் வரிசைக்கு வரும்போது தாடை இறுக ஆரம்பித்திருந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவதற்கு அம்மா இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. நான்காவது இடது பக்கக் கடைசி. டிரைவர் உள்ளே திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தாள், அடியிலிருந்து பார்த்தாள். வியர்வை அப்பாவின் சட்டை மேல் சொட்டியது.

"போதும்டி. விட்டுடு."

"ஒண்ணுதாம்மா மிச்சம்."

"போதும்னு சொல்றேன்ல."

எட்டாவது ஸ்க்ரூவைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இத்தனை நேரம் திறந்து பிடித்திருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. முழுக்க மூட வரவில்லை. ஒரு விரல் அளவு திறந்து, மேல் வரிசை பளிச்சென்று தெரிந்தது. உதடுகள் தம் இடத்துக்கு வந்துவிட்டன. முகம் அவள் மறந்துபோயிருந்த முகம். எதையோ கடிக்கப் போகிறவரைப் போல இருந்தார்.

அம்மா வெளிச்சத்தை அணைக்காமலே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய் அந்த ஒரு ஷூவைக் கழற்றினாள்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார்கள். பெரியப்பா வாசலிலேயே குரல் உடைந்து, "டேய் பொக்கை, என்னை விட்டுட்டுப் போயிட்டியாடா" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தார். அறைக்குள் வந்து குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண் அந்தப் பல்வரிசையிலேயே இருந்தது.

"என்ன களையா இருக்காரு" என்றாள் பெரியம்மா. "தூங்கற மாதிரி. இல்லீங்க?"

பெரியப்பா தலையை மட்டும் நிமிர்த்தினார். அம்மாவைப் பார்த்தார்.

"இது எப்போ?"

"அஞ்சு மாசமா" என்றாள் அம்மா.

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

"உங்ககிட்ட காட்டணும்னு இருந்தாரு."

சுவரோரம் நின்றிருந்த அவள், பெரியப்பாவின் முகத்தை அணு அணுவாகப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குனியட்டும் என்று இருந்தது. நன்றாகப் பார்க்கட்டும். அப்போதுதான் கேட்டது. பெரியப்பா எச்சில் விழுங்கியபோது ஒரு சின்ன 'டக்'. வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. மேல் பல்செட் தளர்ந்து மேலண்ணத்தில் போய் ஒட்டும் சத்தம் அது. லேப்பில் ஒரு வருடமாக அதைக் கேட்டுப் பழகியவள். அதற்கப்புறம் கவனித்தால், பேசும்போதெல்லாம் துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தார். எல்லோரும் அழுகை என்று நினைத்தார்கள்.

தண்ணீர் குடிக்க அவர் சமையலறைக்கு வந்தபோது அவள் அங்கே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கதவை லேசாகச் சாத்தினார்.

"ஏம்மா, இந்த வேலையெல்லாம் நீயும் செய்யறியாமே."

"கத்துக்கறேன் பெரியப்பா."

"அது... கழட்டவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"தும்மினாக்கூட?"

"தும்மினாக்கூட."

பெரியப்பா தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டு வருஷமாச்சு எனக்கு. உங்க பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். எவனாவது சிரிக்க வெச்சுடுவானோன்னு வெளிய போறதே இல்ல. எனக்கும் அது மாதிரி போட முடியுமான்னு நீ பாத்துச் சொல்லுவியா?"

அவள் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கழட்டுங்க. பாக்கறேன்."

அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று இரண்டையும் கழற்றினார். அவள் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். அதில் வைத்தார். செல்போன் வெளிச்சத்தை அடித்து வாய்க்குள் பார்த்தாள். மேலேயும் சரி, கீழேயும் சரி, ஈறு தடிமனாக, உயரமாக, இம்ப்ளான்ட் நன்றாக நிற்கும் தாடை என்று வகுப்பில் காட்டும் மாதிரி அச்சைப் போல இருந்தது. எக்ஸ்ரே இல்லாமல் ஒன்றும் சொல்லக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

வெளிச்சத்தை அணைத்தாள். கைக்குட்டை அவள் கையிலேயே இருந்தது. கூடத்திலிருந்து யாரோ, "பெரியவர் எங்க? எடுத்துட்டுப் போக வண்டி வந்தாச்சு, வரச் சொல்லுங்க" என்றார்கள்.

பெரியப்பா கையை நீட்டினார். "அஹை ஹாம்மா."

அதே குரல். பதினோரு வருடமாக அவர் பேசிக் காட்டிய குரல். பேசிக் காட்டியபோது இருந்ததைவிட இன்னும் கச்சிதமாக இருந்தது.

"என்ன பெரியப்பா?"

"பல்லை... ஹாம்மா."

"கேக்கல."

அவர் அவளைப் பார்த்தார். புரிந்துவிட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டார். கூடத்தில் மறுபடி அவரைத் தேடினார்கள். காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் வந்தது. கையை எடுத்துவிட்டு, மூன்றாவது முறையும் சொன்னார். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

அவள் கைக்குட்டையைக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு நிமிரும்வரை காத்திருந்தாள்.

"உங்க எலும்புல நிக்காது பெரியப்பா."

"டாக்டர்கிட்ட காட்டினா..."

"காட்டினாலும் இதத்தான் சொல்லுவாங்க. ஆசைப்பட்டு அலையாதீங்க." ஃபிரிட்ஜைத் திறந்து ஆப்பிளை எடுத்து அவர் கையில் வைத்தாள். "அப்பா வாங்கினது. உங்க முன்னாடி உக்காந்து சாப்பிடணும்னு இருந்தாரு. நீங்க சாப்பிடுங்க."

கதவைத் திறந்த பெரியம்மா, "இங்கயா இருக்கீங்க? ஊரே தேடுது" என்றாள். பெரியப்பா ஆப்பிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெரியம்மாவின் பின்னால் போனார்.

மாலை ஆறரை. வகுப்பு தொடங்கும் நேரம். வந்தவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள். அம்மா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூடத்தைப் பெருக்கும்போது, பெரியப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே ஆப்பிள் கிடைத்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 14, வியாழன்.
செய்தது: மேலே நாலு. கீழே மூன்று.
தவறு:

பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கிண்ணத்திலிருந்த எட்டு மூடிகளையும் அலசினாள். எண்ணினாள். வந்து உட்கார்ந்தாள். கீழ் இடது கடைசி ஸ்க்ரூ போட முடியவில்லை என்று எழுதினாள். அதற்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் இருந்தது. பேனா முனையை முதல் வரியில் வைத்து, எடுத்துக்கொண்டாள். பிறகு அடுத்த தலைப்புக்குப் போனாள்.

நாளை: ஸ்க்ரூடிரைவரையும் மீதி ஸ்க்ரூவையும் ஒன்பது மணிக்குள் லேப்பில் கொடுக்க வேண்டும்.